சுவர்க் கறையைத் தேய்க்கும் முன் ஒரு கேள்வி



தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நம் லயங்களில் என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பலகாரச் சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே வாளியும் பிரஷும் வாசலுக்கு வந்துவிடும். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயிலிலும் கொசுக்கடியிலும் வேலை செய்துவிட்டு, மத்தியானம் வீடு திரும்பிய பெண்மணி, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த கையோடு சுவரைத் தேய்க்கத் தொடங்கிவிடுவாள். "வர்றவங்க போறவங்க என்ன நெனப்பாங்க?" என்பதுதான் அவளுடைய கவலை.

வீடு சுத்தமாக இருக்க வேண்டியதுதான். அதை மறுத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் சுவரில் இருக்கும் கறுப்பெல்லாம் ஒரே கறுப்பு என்று நினைத்துக்கொண்டு, போகாத கறையைப் போக்கியே தீருவேன் என்று கண்ட கண்ட மருந்தை ஊற்றுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறேன்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். தேய்க்கும் முன், "இந்தக் கறை எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். கையிலிருந்தும் அடுப்பிலிருந்தும் வந்த கறைக்குச் சவர்க்காரம் போதும். கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் வந்த கறைக்கு உலகத்தில் உள்ள எந்த மருந்தும் போதாது. அங்கே செப்பனிட வேண்டியது கூரையையும் கால்வாயையும்.

என் சின்னம்மா பட்ட பாடு

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியதுதான்.

என் சின்னம்மா வீட்டு அடுப்பங்கரைச் சுவரில், கூரையை ஒட்டினாற்போல் பாய் அகலத்துக்கு ஒரு கறுப்பு. விறகடுப்பு எரித்த காலத்துப் புகைக் கறை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு தீபாவளிக்கு முன் சின்னம்மா அதைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. துணி வெளுக்கும் பிளீச் வாங்கி வந்து அப்படியே ஊற்றினார். எந்தக் கம்பெனியுடையதானாலும் நம்மவர்கள் அதைக் குளோரோக்ஸ் என்றே சொல்வார்கள். கொஞ்சம் வெளுத்தது. சின்னம்மாவுக்குத் திருப்தியில்லை. அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஓர் ஆலோசனை வந்தது. "பால் ஸ்டோர் ஆசிட் கொஞ்சம் ஊத்திப் பாரு அக்கா, கல்லே கரைஞ்சிடும்!"

சித்தப்பா பால் ஸ்டோரில் வேலை செய்தவர். பாலை உறைய வைக்கும் ஆசிட்டை ஒரு பழைய சோடா போத்தலில் கொண்டு வந்திருந்தார். பிளீச் இருந்த அதே வாளியில் சின்னம்மா அதை ஊற்றினார். ஜன்னல் சாத்தியிருந்தது, வெளியே மழை.

வாளியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை கிளம்பியது. சின்னம்மாவால் கூப்பிடக்கூட முடியவில்லை. இருமல் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே இழுத்துப் போட்டார். பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் இருக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே சின்னம்மாவுக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும்.

சரி, அந்தக் கறை என்ன ஆயிற்று? இரண்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது, முன்னைவிடப் பெரிதாக! பிறகுதான் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். அந்த இடத்துக்கு நேர் மேலே கூரைத் தகட்டில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஒவ்வொரு மழைக்கும் சுவர் உள்ளுக்குள்ளேயே நனைந்துகொண்டு இருந்திருக்கிறது. அது புகைக் கறையே அல்ல, பூசணம்!

தோழர்களே, நன்றாக யோசித்துப் பாருங்கள். மாற்றவேண்டியது ஒரு கூரைத் தகடு. அதற்குப் பதிலாக ஒரு பெண் தன் மூச்சைக் கொடுத்தாள். அதற்கு மேலும், "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கத் தெரியாதா?" என்ற பேச்சையும் அவள்தான் கேட்டாள்.

நம் கைக் கறைகள்

முதலில் நம்மால் வரும் கறைகளைச் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கு யாரையும் குறை சொல்ல வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், மெதுவான துணி, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

கைத்தடம், எண்ணெய்ப் பிசுக்கு: விளக்கு சுவிட்சைச் சுற்றியும், கதவோரத்திலும், தாத்தா சாய்ந்து உட்காரும் இடத்திலும் இருப்பது இது. சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, கறைமேல் ஒற்றி வையுங்கள். பத்து நிமிஷம் ஊறட்டும். பிறகு துடைத்தால் தானே வந்துவிடும். சுவரைக் கழுவும்போது கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கி, அந்தக் கோட்டைப் போக்குவது இன்னொரு வேலையாகிவிடும். சுவிட்சுக்குப் பக்கத்தில் துணி சொட்டக்கூடாது. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுத் துடைப்பது நல்லது.

அடுப்புக்கரி, சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை: இதில் எடுத்தவுடன் ஈரத்துணியை வைக்காதீர்கள். கரி ஈரத்தில் குழைந்து மை மாதிரி பரவிவிடும். முதலில் காய்ந்த துணியால் அல்லது காய்ந்த ஸ்பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள். மிச்சத்துக்குப் பிறகு சவர்க்காரத் தண்ணீர்.

பிள்ளைகளின் கைவண்ணம்: பென்சில் கோட்டுக்கு ரப்பர் போதும். மெழுகுக் கலர்ப் பென்சிலுக்கு, ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடா தொட்டு வட்டமாகத் தேயுங்கள். பேனா மைக்கு, காயம் துடைக்கும் ஸ்பிரிட்டைத் துணி நுனியில் தொட்டு ஒற்றுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. இதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். ஒரு பழைய நாள்காட்டியைத் திருப்பி மாட்டி, "இதில் எழுது" என்று சொல்லுங்கள்.

மஞ்சள் கறை: மஞ்சள்மேல் சவர்க்காரம் பட்டதும் சிவந்து போகும். "ஐயோ, கறை இன்னும் கெட்டுப்போச்சே!" என்று பயந்து ஆசிட்டைத் தேடாதீர்கள். மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவப்பாக மாறுவது அதன் குணம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே நம் பாட்டிமார் குங்குமம் செய்தார்கள்! நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள். வெளிச்சம் படும் சுவராயிருந்தால் மிச்சமும் நாளடைவில் மங்கிவிடும்.

காய்ந்த ரப்பர் பால்: வெட்டிவிட்டு வந்த சட்டையை ஆணியில் மாட்டினால் சுவரில் ஒட்டிக் கறுத்துவிடும். இதற்குத் தண்ணீர் வேண்டாம். விரலால் உருட்டி உருட்டி உரித்தால் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்படித்த சுவராயிருந்தால் அதில் புளித்தண்ணீர், எலுமிச்சை, வினிகர் எதையும் போடாதீர்கள். புளிப்பு சுண்ணாம்பைத் தின்றுவிடும். கறை போனதுபோல் தெரிவது உண்மையில் சுவர் போனதுதான். அந்தச் சுவருக்கு ஒரு கை புதுச் சுண்ணாம்பே நல்ல மருந்து. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பழைய வீட்டில் உரிந்து தொங்கும் பழைய சாயத்தைக் காய்ந்தபடி மணல்தாள் வைத்துத் தேய்க்கவும் கூடாது. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அந்தத் தூசி தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கூரையும் தரையும் போடும் கறைகள்

இனி நம்மால் வராத கறைகளைப் பார்ப்போம். கறுப்பாக, கரும்பச்சையாக, புள்ளி புள்ளியாகத் தொடங்கிப் படரும். மக்கிய வாடை அடிக்கும். துடைத்தால் போகும், சில வாரத்தில் அதே இடத்தில் திரும்பி நிற்கும். இது அழுக்கல்ல, உயிருள்ள பூசணம். இதற்குச் சோறும் தண்ணியும் ஒன்றேதான், ஈரம். ஈரம் இருக்கும்வரை அது சாகாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தண்ணீர் கலந்த பிளீச் ஒரே ஒரு சொட்டைக் கறையின் ஓரத்தில் வையுங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் அந்த இடம் வெளுத்தால் பெரும்பாலும் பூசணம். அப்படியே கறுப்பாக இருந்தால் கரி அல்லது அழுக்கு.

பூசணம் என்று தெரிந்தால் அடுத்து அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

சுவரின் மேல் பகுதியில், கூரைக்கு அடியில் இருந்தால் கூரை ஒழுகுகிறது.

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை இருந்தால், அதோடு வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. வெளியே போய்ப் பாருங்கள். பின்பக்கக் கால்வாய் அடைத்திருக்கும், அல்லது வெடித்திருக்கும், அல்லது கால்வாயே இருக்காது. அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தட்டி, பெருக்கி எடுங்கள்.

அலமாரிக்குப் பின்னால், கட்டில் மூலையில் இருந்தால் அங்கே காற்று போகவில்லை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்துணியை அறைக்குள் கொடி கட்டிக் காய வைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். இது மட்டும் நம் கையில் இருக்கிறது.

"பூசணம்தானே, என்ன செய்யும்?" என்று கேட்காதீர்கள். அதன் தூள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் பறக்கும். அதைச் சுவாசிக்கிறவர்களுக்கு மூக்கொழுகல், தும்மல், இருமல், கண் அரிப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் இதைத்தான் சொல்கிறது. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வாழ்கிறவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன. ஆகவே ஈரத்தை வராமல் தடுப்பதே முக்கியம். உங்கள் பிள்ளை ராத்திரியில் மட்டும் இருமுகிறானா? அவன் பாய் விரித்துப் படுக்கும் இடத்துச் சுவரைக் கொஞ்சம் பாருங்கள்.

கூரை செப்பனிடும்வரை சும்மா இருக்க முடியாதுதான். அதுவரை இப்படிச் செய்யுங்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். மூக்கையும் வாயையும் மறைக்க முகக்கவசமும் கைக்கு உறையும் போடுங்கள். பூசணத்தைக் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது, தூள் வீடெல்லாம் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, துடைத்து, துணியை உடனே வெளியே போடுங்கள். சுவரை நன்றாகக் காய விடுங்கள். சாயம் அடித்த வழுவழுப்பான சுவராயிருந்து, பிளீச் போட்டே ஆகவேண்டும் என்றால், 1 கோப்பை பிளீச்சுக்கு 16 கோப்பை தண்ணீர். அதற்கு மேல் கெட்டியாக வேண்டாம். செங்கல், சுண்ணாம்புச் சுவரில் பிளீச் மேல் நிறத்தை மட்டும் வெளுக்கும். உள்ளே இருக்கும் பூசணம் அப்படியே இருக்கும். ஆஸ்துமாக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், குழந்தைகள் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டாம்.

ஈரச் சுவரின் மேல் எண்ணெய்ச் சாயம் அடித்து மறைப்பது வீண் செலவு. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சாயம் கொப்புளம் போட்டு உரிந்துவிடும். தோட்ட நிர்வாகம் சாயம் மட்டும் அடித்துக் கொடுத்து, "வேலை முடிந்தது" என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். முதலில் ஒழுக்கு, பிறகு காய்ச்சல், அதன் பிறகே சாயம்.

உங்கள் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாயிருந்தால் நீங்களாகவே ஏறி அதைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவோ, துளையிடவோ, உடைக்கவோ கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாகும். பழந்தகடு மனிதன் ஏறினால் உடைந்தும் விழும். அது பழகிய ஆட்கள் தக்க பாதுகாப்போடு செய்யவேண்டிய வேலை.

ஒன்றோடு ஒன்று சேரக்கூடாதவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

பட்டணத்துப் பெண்மணிக்கு இல்லாத ஆபத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண்மணிக்கு இருக்கிறது. பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட், பால் உறையாமல் இருக்க மோனியா என்கிற அமோனியா. இந்த இரண்டும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டுமே பிளீச்சுக்கு ஜென்ம விரோதிகள்.

பிளீச்சோடு எந்த ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். ஃபார்மிக் ஆசிட், கக்கூஸ் கழுவும் ஆசிட், வினிகர் எல்லாம் இதில் அடக்கம். முதல் உலகப் போரில் 1915இல் பட்டாளத்தின் மீது ஏவப்பட்ட அதே வாயுதான் இது. பிளீச்சோடு அமோனியா சேர்ந்தால் குளோராமின் என்ற இன்னொரு விஷ வாயு வரும். இரண்டும் நுரையீரலைச் சுடும். ஆகவே பிளீச்சில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் சேர்க்காதீர்கள். ஒன்றைப் போட்டுக் கழுவிய இடத்தில் உடனே இன்னொன்றைப் போடாதீர்கள்.

ஸ்டோர் ஆசிட்டும் மோனியாவும் ஸ்டோரைவிட்டு வெளியே வரவே கூடாது. "கொஞ்சம்தானே" என்று சோடா போத்தலில் கொண்டு வருகிற தோழருக்கு ஒரு வார்த்தை. அந்தப் போத்தலை உங்கள் பிள்ளை சோடா என்று நினைத்துத் திறந்தால் என்ன செய்வீர்கள்? புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த தோம்பையும் வீட்டு வாளியாக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது மருந்துத் தோம்புதான். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய தோம்பு எங்காவது மூலையில் கிடக்கலாம். ஜாக்கிரதை.

தவறிப் புகை கிளம்பிவிட்டால் வாளியைக் கழுவ நிற்காதீர்கள். உடனே வெளியே ஓடுங்கள், மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நல்ல காற்றில் உட்காருங்கள். கண் எரிந்தால் 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. போகும்போது சுட்ட மருந்து வரும்போதும் சுடும். 999க்கு அழையுங்கள். "இப்போ சரியாயிடுச்சு" என்று வீட்டிலேயே படுத்துவிடவும் கூடாது. சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போத்தலையும் மூடி எடுத்துக்கொண்டு போங்கள்.

இது யாருடைய பொறுப்பு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் குடியிருப்பது தோட்டத்து வீடு. கூரையும் சுவரும் கால்வாயும் நிர்வாகத்தின் சொத்து. அவை ஒழுகினால் செப்பனிட்டுத் தர வேண்டிய கடமையும் நிர்வாகத்துடையது. இதை யாரும் தயவு பண்ணிச் செய்ய வேண்டியதில்லை, சட்டம் சொல்கிறது. 1966ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வைத்து ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் வந்ததுதான் 446ஆவது சட்டம். 2019இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை அது முதலாளிமேல் வைத்திருக்கிறது. இன்று நம் பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத்துத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அவர்கள் அறையிலும் அதே பூசணம்தான் இருக்கிறது. அவர்களையும் சேர்த்துக்கொண்டே பேசுங்கள்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பிரட்டுக்களத்தில் மண்டோரிடம், "கூரை ஒழுகுதுங்க" என்று வாயால் சொல்லிவிட்டு வருகிறோம். அவர், "பாக்கலாம்" என்பார். அந்தச் சொல் அன்றைக்கே காற்றோடு போய்விடும். நாம் வீட்டுக்கு வந்து மறுபடியும் பிரஷை எடுக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் கறையை நாமே அழித்து, ஒழுக்குக்கு இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிடுகிறோம்!

இனி இப்படிச் செய்யுங்கள். துடைக்கும் முன் கறையைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பக்கத்தில் அன்றைய நாள்காட்டித் தாளையும் வைத்துப் பிடித்தால் தேதி தெரியும். வீட்டு எண், எந்த அறை, எப்போதிலிருந்து, வீட்டில் யாருக்கு இருமல் என்று நான்கு வரி எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் கிராணியிடம் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத வராதவர்களுக்கு ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கும். ஒரு லயத்தில் நான்கு வீட்டில் ஒழுகினால் நான்கு வீடும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதி தோட்டக் கமிட்டிக்கு வரட்டும். பதில் வராவிட்டால் கமிட்டி அதைத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டு போகும். பிள்ளையை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, "சுவரில் பூசணம் இருக்கிறது" என்பதையும் டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போய்விட்ட குடும்பங்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள். மேல் வீட்டிலிருந்து உங்கள் சுவரில் ஒழுகினால் மேல் வீட்டாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கட்டட நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கிடைத்த 7 நாள்களுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன.

என் சின்னம்மா வீட்டுக் கதையும் அப்படித்தான் முடிந்தது. கமிட்டித் தோழர்கள் கடிதம் எழுதி, மூன்று முறை அலைந்து, கடைசியில் கூரைத் தகட்டை மாற்றினார்கள். சுவர் காய மூன்று வாரம் ஆயிற்று. சித்தப்பா தன் கையாலேயே இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார். அந்தக் கறுப்பு அதோடு சரி, திரும்பி வரவேயில்லை. அத்தனை வருஷம் தேய்த்துப் போகாத கறை ஒரு தகட்டில் போய்விட்டது.

ஆண் தோழர்களுக்கு ஒரு சொல். சுவரைத் தேய்ப்பது பெண்ணுக்கென்று எழுதி வைத்த வேலையல்ல. அவளும் உங்களோடு பிரட்டுக்கு வந்தவள்தான். இந்தத் தீபாவளிக்கு நீங்கள் ஏணியைப் பிடியுங்கள், அல்லது துணியைப் பிடியுங்கள். குறைந்தது கடிதத்தையாவது எழுதுங்கள்.

தாய்மார்களே, வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்து முகம் சுளித்தால் தலை குனியாதீர்கள். "அது கூரை ஒழுகுனதுங்க, கடுதாசி குடுத்திருக்கோம்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அந்தச் சுவரிலேயே ஒரு மூலையில் 999 என்ற எண்ணையும், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தின் எண்ணையும் கேட்டுப் பெரிதாக எழுதி வையுங்கள். அந்த எழுத்தை மட்டும் யாரும் அழிக்க வேண்டாம்.